சந்தா கட்டியவர்கள்

எங்கள் பள்ளிக்கென்று சொந்தமாகச் சாவு எதுவும் இல்லை அப்போது.
கூடத்துச் சுவரில், தேக்குப் பலகையில்,
பொன் எழுத்தில் பத்தொன்பது பெயர்கள்;
முதல் யுத்தத்தில் போனவர்கள்.
எல்லாம் டிரெவிலியன் துரை
இங்கிலாந்தில் தான் படித்த பள்ளியிலிருந்து
இரவல் வாங்கி வந்தவை.
அவர்களில் ஒருவரும் சிங்கப்பூரைப் பார்த்ததில்லை.
புக்கிட் தீமா மழையில் அந்த எழுத்துகள் பூஞ்சணம் பிடிக்கும்.
மணியடிக்கும் முனியாண்டி
சனிக்கிழமை தோறும் துடைப்பான்,
படிக்கத் தெரியாததால் எல்லாருக்கும் ஒரே அழுத்தத்தில்.

நான் அலுவலக எழுத்தர்.
கட்டணப் பேரேடு, பிரம்படிப் பதிவு, பழைய மாணவர் பதிவேடு
மூன்றும் என் மேசையில்.
மூன்றாவதன் மேல்தான் எனக்குப் பிரியம்.
பிக்கர்ஸ்கில், குளுவாங், ரப்பர்த் தோட்டம்.
மின்ஜூட், துறைமுக வாரியம்.
ஒஸ்மான் பின் தாலிப், நில அளவை.
கோ தியாம் சூன், வங்கிக் குமாஸ்தா;
மாலையில் சீன நிவாரண நிதி, கிளைச் செயலாளர்.
அந்தக் கடைசி விவரத்தை யாரும் கேட்கவில்லை.
கட்டத்தில் இடம் மிச்சமிருந்தது.
எழுதினேன்.

நகரம் விழுந்த மூன்றாம் நாள் வந்தார்கள்.
அதிகாரி என்னைவிட நல்ல ஆங்கிலம் பேசினார்.
கோபேயில் பாதிரிமார் பள்ளியில் படித்தாராம்,
எங்களைப் போலவே அங்கும் நான்கு அணிகளாம்.
பதிவேட்டைக் கேட்டார்.
மேலே இருப்பவர் கேட்டால் கொடுப்பது
அந்தக் கட்டடம் எனக்குக் கற்றுத்தந்த முதல் பாடம்.
எடுத்து வருகிறேன் என்று போய்
அலமாரிக் கதவின் மறைவில் ஒரு தாளைக் கிழித்தேன்.
ஒரே ஒரு தாள்.
அதில் என் தம்பி கனகசூரியம்.
ஆங்கில அகரவரிசையில்
தியாம் சூன் அடுத்த தாள்.

கையெழுத்து முத்துமுத்தாக இருக்கிறது என்றார் அதிகாரி.
நன்றி சொன்னேன்.
சொன்னேன், ஆமாம்.

பள்ளி டை கட்டிக்கொண்டு போனானாம் தியாம் சூன்,
படித்தவனென்று மரியாதையாக நடத்துவார்கள் என்று நம்பி.
லாரி கடற்கரைப் பக்கம் திரும்பியது.

நான் ஒளித்துவைத்த தம்பி
ஒளிந்திருக்கச் சம்மதிக்கவில்லை.
பாடாங் திடலில் கூட்டத்தோடு கைதூக்கி,
டில்லிக்குப் போகிறேன் என்று காக்கி மாட்டினான்.
முதலில் போட்டது சாங்கி முகாம் வாசல் காவலுக்கு.
கம்பிக்கு உள்ளே பிக்கர்ஸ்கில்;
முப்பத்தாறில் இருவரும் ஆட்டம் இழக்காமல்
எண்பத்தேழு ஓட்டம் எடுத்த ஜோடி.
"சல்யூட் அடிக்கச் சொன்னேன். அடித்தான்."
இதைச் சொல்லிவிட்டு
அன்றிரவு மரவள்ளிக்கிழங்கைத் தம்பி தொடவில்லை.
பிறகு ரங்கூன், பிறகு இம்பால் மழை,
பிறகு கடிதம் இல்லை.
முனியாண்டியைச் சயாம் ரயில்பாதைக்குப் பிடித்துப் போனார்கள்.
அவனுக்கு எழுதத் தெரியாது,
ஆகவே அவனிடமிருந்து கடிதம் வராததை
யாரும் கவனிக்கவில்லை.

நாற்பத்தேழில் புதுத் துரை, புதுத் தேக்கு.
மன்னரின் சீருடையில் இறந்தவர்கள் மட்டும், என்றார்.
தியாம் சூன் சீருடையில் இல்லை.
தம்பியின் சீருடை தப்பான சீருடை.
முனியாண்டி மாணவனே இல்லை.
நான் வாதாடவில்லை.
பதினொரு பெயர், மூன்று பிரதி,
பிழையில்லாமல் தட்டச்சு செய்தேன்.

சங்கச் சந்தா ஆண்டுக்கு ஒரு வெள்ளி.
ஜனவரி பிறந்தால் என் சம்பளத்தில் இரண்டு வெள்ளி எடுத்து
புதுப் பதிவேட்டில் இரண்டு கட்டங்களில் வரவு வைக்கிறேன்.
ரசீதும் எழுதுகிறேன். கிழிப்பதில்லை.

நேற்று விருந்துப் பட்டியலைப் பார்த்த துரை கேட்டார்:
"இந்தக் கோ யார்? தவறாமல் கட்டுகிறார்,
ஒருமுறைகூட வந்ததில்லையே?"
வேலை அதிகம் சார், என்றேன்.
"நாற்காலி ஒதுக்கட்டுமா?"

ஒதுக்குங்கள், என்றேன்.
அகரவரிசைப்படி.
கனகசூரியத்துக்கு அடுத்து.